ரூபாய்க்கு நாற்பத்தைந்து காசு

போன ஆகஸ்ட் 15 கிராம சபைக்குப் போயிருந்தேன். எங்க ஊர்ல பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்துல தான் கூட்டம். கொடி ஏத்தி, மிட்டாய் கொடுத்து, பிள்ளைங்க கலைஞ்ச பிறகு ஊராட்சிச் செயலர் பேப்பரை எடுத்து வாசிச்சார். ஏப்ரல் 1 முதல் ஜூலை 31 வரை பொது நிதியில் இருந்து செய்த செலவு. மோட்டார் ரிப்பேர், ப்ளீச்சிங் பவுடர், தெருவிளக்கு சாமான், தூய்மைக் காவலர் சம்பளம். வாசிச்சு முடிக்க அஞ்சு நிமிஷம் கூட ஆகலை.

கடைசித் தெருவுல இருக்கிற ஒரு பாட்டி எழுந்து, "எங்க தெரு விளக்கு ஆறு மாசமா எரியல, எப்ப போடுவீங்க?"ன்னு கேட்டாங்க. "நிதி வந்ததும் போடலாம் ஆயா"ன்னு பதில். தலைவர் நாற்காலியில தலைவர் இல்லை. 2025 ஜனவரி 5-ஓடு பதவிக்காலம் முடிஞ்சு போச்சு. தனி அலுவலர் தான் அப்போ எல்லாம். அவருக்கு இந்த மாதிரி எத்தனையோ ஊரு.

அன்னைக்கு ராத்திரி வரப்புல நின்னு தண்ணி பாய்ச்சிட்டு இருந்தேன். வடக்க பார்த்தா நெய்வேலி பக்கம் வானம் வெளுத்துக் கிடக்கு. சுரங்கத்து லைட்டும் அனல்மின் நிலையத்து லைட்டும். எங்க வயல்ல இருந்து அந்த வெளிச்சத்தை ஐம்பது வருஷமா பார்க்கிறேன். அந்தக் கரண்ட் எங்கெங்கோ போகுது. பாட்டி தெருவுக்கு மட்டும் நிதி வரணும்.

நகரத்துல இருந்து இந்தப் பக்கத்தைப் படிக்கிறவங்க பல பேர் கேட்டிருக்கீங்க, "ஊராட்சிக்கு எங்கிருந்து பணம் வருது, யார் முடிவு பண்றாங்க"ன்னு. ஒரு நாள் எழுதறேன்னு சொல்லியிருந்தேன். எழுத வச்சது அப்பாவோட டிரங்குப் பெட்டி.

ஒரு பழைய ரசீது

அப்பா எதையும் தூக்கிப் போட மாட்டார். பெட்டியில பத்திரம், பட்டா, கூட்டுறவு சொசைட்டி பாஸ் புக், எல்லாத்துக்கும் அடியில ஒரு கட்டு கிஸ்தி ரசீது. ஒண்ணு பசலி 1378. அதாவது 1968 ஜூலையில தொடங்கி 1969 ஜூன்ல முடிஞ்ச வருஷம். நிலவரி 12 ரூபாய். அதுக்குக் கீழே இன்னொரு வரி: செஸ் 5 ரூபாய் 40 காசு.

சின்ன வயசுல இதைக் கேட்டிருக்கேன். "இது என்னப்பா செஸ்?" "அது யூனியனுக்குடா. உன் பள்ளிக்கூடத்துக்கு"ன்னு சொன்னார். அப்பா ஏதோ சமாளிக்கச் சொன்னார்னு நெனச்சேன். இப்போ சட்டத்தைப் படிச்சுப் பார்த்தா அப்பா சொன்னது அட்சரம் பிசகாத உண்மை.

1958-ல வந்த சென்னை ஊராட்சிகள் சட்டத்துல, அரசுக்குக் கட்டுற நிலவரியில ஒவ்வொரு ரூபாய்க்கும 45 காசு உள்ளூர் செஸ்னு போட்டிருக்கு. 12 ரூபாய்க்கு 5.40. அந்த செஸ்ஸை எப்படிப் பிரிக்கணும்னும் சட்டமே சொல்லுது. ஒன்பதுல நாலு பங்கு, அதாவது 45 காசுல 20 காசு, ஊராட்சி ஒன்றியக் கல்வி நிதிக்கு. மீதி 25 காசு கிராம ஊராட்சிக்கும் ஒன்றியப் பொது நிதிக்கும். எங்க அப்பா கட்டின 5.40-ல 2.40 நேரா பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கு. இன்னைக்கும் எங்க பள்ளிக்கூட போர்டுல "ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி"ன்னு தான் எழுதியிருக்கு. 1981-ல வாத்தியாருங்களை அரசு ஊழியர் ஆக்கின பிறகும் பேரு மட்டும் நிக்குது. அந்தப் பேருக்குள்ள எங்க அப்பாவோட 2 ரூபாய் 40 காசு இருக்கு.

யார் நிலத்துல இருந்து பணம் எடுக்கிறாங்களோ, அந்த ஊருக்கே அதுல ஒரு பங்கு திரும்பி வரணும். செஸ்ஸோட கருத்து அவ்வளவு தான். சின்னக் கருத்து. ஆனா இது பெரிய பெரிய கோர்ட்டு வரைக்கும் போய் அடிபட்ட கதை ஒண்ணு இருக்கு. அதுக்கு முன்னாடி கொஞ்சம் பழைய கதை.

கணக்குக் காட்டாதவன் நிக்கக் கூடாது

உள்ளாட்சின்னாலே எல்லாரும் உத்திரமேரூர்ல தொடங்குவாங்க. நானும் ஒரு வார்த்தை சொல்லிடறேன். முதலாம் பராந்தக சோழன் காலத்துல, பத்தாம் நூற்றாண்டுல வெட்டின கல்வெட்டு. குடவோலை பத்தி எல்லாரும் பாடத்துல படிச்சிருப்பீங்க. எனக்குப் பிடிச்சது வேற விதி. வாரியத்துல இருந்து கணக்குக் காட்டாதவங்களும் அவங்களோட நெருங்கின சொந்தக்காரங்களும் மறுபடி பேரு எழுதிப் போடக் கூடாது. அதுக்காக அது ஒரு பொற்காலம்னு நான் சொல்ல மாட்டேன். அது பிராமண ஊர் சபை. நிலமும் படிப்பும் இருந்தவங்களுக்குத் தான் அதுல இடம். கூலிக்காரனுக்கும் பொம்பளைக்கும் இடம் இல்லை. ஆனா பொதுப்பணத்துக்குக் கணக்கு உண்டுங்கிற நெனப்பு இந்த மண்ணுக்குப் புதுசு இல்லை.

வெள்ளைக்காரன் காலத்துல 1871-ல உள்ளூர் நிதிச் சட்டம்னு ஒண்ணு சென்னை மாகாணத்துல வந்தது. ரோடு போட, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் நடத்த நிலத்து மேல ரூபாய்க்கு ஓரணா வரைக்கும் செஸ். பணம் எங்களுது, முடிவு கலெக்டருது. 1882-ல ரிப்பன் பிரபு உள்ளாட்சித் தீர்மானம் கொண்டு வந்தார். சென்னைக்காரங்களுக்கு ரிப்பன் மாளிகை தெரியும், அவர் பேரு தான் அது. ஜனங்க தேர்ந்தெடுக்கிறவங்க கையில கொஞ்சம் நிர்வாகத்தைக் கொடுங்கன்னார். 1884-ல ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, யூனியன் பஞ்சாயத்து வந்தது. எங்க தென்னாற்காடு ஜில்லா போர்டு அப்படி வந்தது தான். "ஜில்லா போர்டு ரோடு"ன்னு எங்க தாத்தா சொன்ன ரோட்டுல தான் இன்னைக்கும் கரும்பு லோடு போகுது. 1934-ல தாலுகா போர்டை எடுத்துட்டாங்க.

சுதந்திரத்துக்குப் பிறகு காமராஜர் முதலமைச்சரா இருந்தப்போ தான் 1958 சட்டம். பல்வந்தராய் மேத்தா கமிட்டி 1957-ல அறிக்கை கொடுத்திருந்தது. அதையொட்டி 1960-61-ல மாநிலம் முழுக்க ஊராட்சி ஒன்றியங்கள் வந்தது. எங்க பக்கத்துல கம்மாபுரம், குறிஞ்சிப்பாடி, விருத்தாசலம் எல்லாம் ஒன்றியம் ஆச்சு. அந்த முதல் பத்து வருஷத்துல ஒன்றியம் போட்ட கிணறும், கட்டின பள்ளிக்கூடமும், வெட்டின மண் ரோடும் தான் இன்னைக்கு எங்க ஊரோட எலும்பு. எங்க பள்ளிக்கூடத்துப் பழைய ஓட்டுக் கட்டடமும் அப்போ வந்தது தான்.

அதே நேரத்துல வடக்க இன்னொரு வேலை நடந்துட்டு இருந்தது.

கிணறு தோண்டப் போன இடத்துல

1930-கள்ல நெய்வேலியில ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்துல கிணறு தோண்டும்போது கறுப்பா ஏதோ வந்தது. அது பழுப்பு நிலக்கரின்னு பிற்பாடு தெரிஞ்சது. எங்க பகுதியில பூமிக்கு அடியில இருக்கிற தண்ணி அழுத்தத்தோட இருக்கும். குழாய் இறக்கினா தானா பொங்குற ஆர்ட்டீசியன் ஊத்து. அந்தத் தண்ணி நிலக்கரிக்கு அடியில இருந்து மேல முட்டுறதால, ராட்சத மோட்டார் வச்சு இறைச்சுக்கிட்டே தான் சுரங்கம் தோண்ட முடியும். இன்னைக்கும் அப்படித் தான். அந்தத் தண்ணியில ஒரு பகுதி வாலாஜா ஏரிக்கு வந்து பாசனமும் ஆகுது.

1956 நவம்பர் 14-ல நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாச்சு. 1957 மே 20-ல நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வச்சார். 1961 ஆகஸ்ட்ல கரி கண்ணுக்குத் தெரிஞ்சது. 1962-ல சோவியத் உதவியோட கட்டின அனல்மின் நிலையத்துல கரண்ட் வந்தது. மண்ணை வாரி எடுக்கிற சக்கர இயந்திரம் ஜெர்மனியில இருந்து. எங்க அப்பா காலத்துல "ஜெர்மன் மிஷின்" பார்க்கிறதுக்குன்னே வண்டி கட்டிப் போவாங்களாம்.

தேதிகளைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. 1957-ல சுரங்கம், 1958-ல ஊராட்சிச் சட்டம். 1961-ல நிலக்கரி, அதே வருஷம் ஒன்றியம். ரெண்டும் ஒரே காலத்துப் பிள்ளைங்க. ஒண்ணு டெல்லிக்குச் சொந்தம், ஒண்ணு ஊருக்குச் சொந்தம்.

சுரங்கத்தோட டவுன்ஷிப்பும் வந்தது. வட்டம் வட்டமா பிரிச்சு, நேர் நேரா ரோடு, ரெண்டு பக்கமும் மரம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. எங்க அக்கா வீட்டுக்காரர் அங்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சின்ன வயசுல அக்கா வீட்டுக்குப் போனா எனக்கு வெளிநாடு வந்த மாதிரி இருக்கும். குழாயைத் திருப்பினா தண்ணி!

அந்த டவுன்ஷிப்புல ஒரு விசேஷம் உண்டு. 2011 கணக்கெடுப்புல ஒரு லட்சம் பேருக்கு மேல இருந்த ஊர். ஆனா அங்க நகராட்சி கிடையாது, கவுன்சிலர் கிடையாது. எம்.எல்.ஏ.வுக்கு ஓட்டு உண்டு, எம்.பி.க்கு ஓட்டு உண்டு, வார்டு மெம்பருக்கு ஓட்டு இல்லை. ரோடு, தண்ணி, விளக்கு, குப்பை எல்லாம் நிறுவனத்தோட நகர நிர்வாகம் பார்க்குது. அரசியல் சட்டத்துலயே 243-கியூ பிரிவுல தொழில் நகரியத்துக்குன்னு ஒரு விலக்கு இருக்கு. ஒரு தொழிற்சாலையே நகராட்சி வேலையைச் செய்தா அங்க நகராட்சி அமைக்காம விடலாம்.

மாமா கிட்ட ஒரு தடவை கேட்டேன். "உங்களுக்கு வார்டு மெம்பர் இல்லையே, கவலையா இல்லையா மாமா?" சிரிச்சார். "மச்சான், உங்க ஊர்ல மெம்பர் இருக்கார், விளக்கு எரியல. எங்களுக்கு மெம்பர் இல்ல, விளக்கு எரியுது. எது வேணும் சொல்லு." எனக்கு அப்போ பதில் தெரியல. அந்தக் கேள்வி தான் இந்தக் கட்டுரைக்கு விதை.

ராயல்டிங்கிற ஒரு சொல்

இப்போ அந்த 45 காசுக்குத் திரும்ப வரேன்.

1964-ல அந்தச் சட்டத்துல ஒரு திருத்தம் செய்தாங்க. "நிலவரி"ங்கிற சொல்லுக்குள்ள "ராயல்டி"யையும் சேர்த்தாங்க. அரசு நிலத்துல குத்தகைக்குக் கனிமம் எடுக்கிறவங்க அரசுக்குக் கட்டுற தொகை தான் ராயல்டி. அதுவும் நிலவரி மாதிரின்னு ஆச்சுன்னா, ராயல்டி ஒவ்வொரு ரூபாய்க்கும் 45 காசு உள்ளூருக்கு. எங்க அப்பா 12 ரூபாய்க்கு 5.40 கட்டுற மாதிரி, 1,000 ரூபாய் ராயல்டி கட்டுற கம்பெனி 450 ரூபாய் செஸ் கட்டணும்.

இதை எதிர்த்து வழக்கு போனது. நெய்வேலி வழக்கு இல்லை. திருநெல்வேலி தாழையூத்துப் பக்கம் சுண்ணாம்புக்கல் எடுத்த இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்தோட வழக்கு. உச்ச நீதிமன்றத்துல ஏழு நீதிபதிகள் கேட்டாங்க. 1989 அக்டோபர் 25-ல தீர்ப்பு. ராயல்டி மேல செஸ் போட மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை. சுரங்கத்துக்குன்னு 1957-லயே பார்லிமெண்ட் சட்டம் போட்டிருக்கு, இது நிலத்து மேல போட்ட வரி ஆகாது, செல்லாது. ஏற்கெனவே வசூலிச்சதைத் திருப்பித் தர வேண்டாம், இனிமே வசூலிக்காதேன்னு சொல்லிட்டாங்க.

அந்தத் தீர்ப்புல "ராயல்டி ஒரு வரி"ன்னு ஒரு வாக்கியம் இருந்தது. பதினைஞ்சு வருஷம் கழிச்சு, 2004-ல கேசோராம் வழக்குல அஞ்சு நீதிபதிகள் அதைப் படிச்சுட்டு, அங்க ஒரு எழுத்துப் பிழை இருக்கு, "ராயல்டி மேல போடுற செஸ் ஒரு வரி"ன்னு இருக்க வேண்டியதுல ரெண்டு சொல் விட்டுப் போச்சுன்னாங்க. நான் பத்தாவது படிக்கும்போது தமிழ்ல ஒற்றுப்பிழைக்கு அரை மார்க் போகும். இங்க ரெண்டு சொல்லுக்கு எத்தனை கோடி போச்சோ!

அஞ்சு பேர் சொன்னதா, ஏழு பேர் சொன்னதான்னு குழப்பம் வந்து, கடைசியில ஒன்பது பேர் உட்கார்ந்தாங்க. 2024 ஜூலை 25-ல தீர்ப்பு. தலைமை நீதிபதி சந்திரசூட்டும் இன்னும் ஏழு பேரும் ஒரு பக்கம், நீதிபதி நாகரத்னா மட்டும் மறு பக்கம். ராயல்டி வரி இல்லை. அது கனிமம் எடுக்கிறவர் நிலத்துக்காரருக்கு ஒப்பந்தப்படி கொடுக்கிற தொகை. கனிமம் இருக்கிற நிலத்துக்கு வரி போட மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு. 1989 தீர்ப்பு தப்பு. ஆகஸ்ட் 14-ல இன்னொரு உத்தரவு போட்டு, 2005 ஏப்ரல் 1-க்குப் பிறகான பாக்கியைக் கூட மாநிலங்கள் கேட்கலாம், 2026 ஏப்ரல்ல தொடங்கி பன்னிரண்டு வருஷத் தவணையில வாங்கணும்னும் சொன்னாங்க.

அதையொட்டி தமிழ்நாட்டுலயும் கனிமம் உள்ள நிலத்துக்கு வரி போடுற சட்டம் 2024 டிசம்பர்ல நிறைவேறி, 2025 ஏப்ரல்ல நடைமுறைக்கு வந்தது.

படிச்சுட்டு ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். அடுத்த நிமிஷம் ஒரு வித்தியாசம் உறைச்சது. 1958 சட்டத்துல 45 காசு யார் யாருக்கு, எவ்வளவுன்னு சட்டத்துக்குள்ளயே எழுதியிருந்தது. அதுல பங்கு கேட்க ஊராட்சி யார் கிட்டயும் கெஞ்ச வேண்டியது இல்லை. இப்போ இது மாநில அரசு போடுற வரி. முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு வழக்கு ஜெயிச்சது. ஜெயிச்சது மாநிலம். அந்த 45 காசுக்கு உரிமை கொண்டாடின ஊராட்சி அந்தக் கதையில இருந்து எப்பவோ இறங்கிப் போயிருந்தது.

தலைவர் இல்லாத வருஷங்கள்

ஏன் இறங்கிச்சு? பணத்தைப் பத்திக் கேட்க ஆள் இல்லாமப் போச்சு.

தமிழ்நாட்டுல 1970-ல ஊராட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 1986-ல. அதுக்கப்புறம் 1996-ல. நடுவுல பல வருஷம் தனி அலுவலர்கள். நான் பள்ளிக்கூடம் சேர்ந்து, பத்தாவது முடிச்சு, ஏர் பிடிக்க வர்ற வரைக்கும் எங்க ஊர்ல ஒரு ஊராட்சித் தேர்தலும் பார்க்கலை. 1989-ல அந்தத் தீர்ப்பு வந்தப்போ எங்க டீக்கடையில யாரும் அதைப் பேசினதா எனக்கு ஞாபகம் இல்லை.

1993 ஏப்ரல் 24-ல 73-வது அரசியல் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்தது. 1994-ல தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். அஞ்சு வருஷத்துக்கு ஒரு தேர்தல் கட்டாயம், பெண்களுக்கும் தலித் மக்களுக்கும் ஒதுக்கீடு, மாநில நிதி ஆணையம், கிராம சபை. ஊராட்சியோட திட்டத்துக்கும் பட்ஜெட்டுக்கும் ஒப்புதல் கொடுக்கிறது கிராம சபையோட வேலைன்னு சட்டத்துலயே இருக்கு. 1996, 2001, 2006, 2011 ஒழுங்கா நடந்தது. 2016-ல நின்னு போச்சு. 2019 டிசம்பர் கடைசியில தான் மறுபடி நடந்தது. அந்த மூணு வருஷமும் தேர்ந்தெடுத்த மன்றம் இல்லைங்கிற காரணத்துக்காக மத்திய நிதி ஆணையத்து மானியமும் நின்னு போச்சு. ஓட்டு இல்லைன்னா பணமும் இல்லை, நேரடிக் கணக்கு.

2025-ல மறுபடி தனி அலுவலர் வந்தார்.

ஊராட்சி பட்ஜெட்ங்கிறது இவ்வளவு தான்

வரவுப் பக்கம் பாருங்க. வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், உரிமக் கட்டணம். இது ஊரே வசூலிக்கிறது. அதுக்கு மேல மாநில நிதி ஆணைய மானியம், மத்திய நிதி ஆணைய மானியம். 15-வது நிதி ஆணையப் பணத்துல தமிழ்நாட்டுல நூத்துக்கு 80 கிராம ஊராட்சிக்கு, 15 ஒன்றியத்துக்கு, 5 மாவட்ட ஊராட்சிக்கு. அதுலயும் பெரும்பகுதி குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும்னு முடிச்சுப் போட்டே வந்தது. விளக்கு வேணும்னு அந்தப் பணத்தைத் தொட முடியாது. செலவுப் பக்கம் முதல் ஆள் கரண்ட் பில். கரண்டுக்கும் குடிநீர் வாரியத்துக்கும் கட்டறதுக்குன்னே ஊராட்சிக்குத் தனி பேங்க் கணக்கு உண்டு. அதுக்கு அப்புறம் சம்பளம், மோட்டார். மிச்சம் இருந்தா பாட்டியோட விளக்கு.

இதுல சுரங்கத்துப் பக்கத்து ஊருக்கு ஒரு சங்கடம் இருக்கு. மானியத்துக்கு முக்கிய அளவுகோல் ஜனத்தொகை. நிலம் எடுத்து, பாதி ஊரு மாற்றுக் குடியிருப்புக்குப் போயிட்டா, வீட்டு வரியும் குறையும், தலைக்கணக்கு மானியமும் குறையும். மிச்சம் இருக்கிற ஊருக்கு அதே நீளத்துக்கு பைப் லைன், அதே மோட்டார், அதே ரோடு. பூமிக்கு அடியில பணம் கூடக் கூட, பூமிக்கு மேல இருக்கிற ஊராட்சிக்குப் பணம் குறையுது.

2023 ஜூலை 26-ல வளையமாதேவி பக்கம் பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்ட, நின்ன நெல்லுல மிஷினை இறக்கின காட்சியை எல்லாரும் டி.வி.யில பார்த்திருப்பீங்க. அந்தப் பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. அப்போ எங்க டீக்கடையில மூணு கணக்கு தான் பேசினோம். நிலத்துக்கு என்ன விலை, வீட்டுக்கு ஒருத்தருக்கு வேலை உண்டா, பயிருக்கு எவ்வளவு. மூணும் நியாயமான கணக்கு. ஆனா மூணும் ஒரு குடும்பத்தோட கணக்கு. ஊரோட கணக்குன்னு நாலாவது ஒண்ணு இருக்குன்னு எங்க யாருக்கும் தோணலை. எனக்கும் தோணலை.

முழுசா ஒண்ணுமே இல்லைன்னும் சொல்லக் கூடாது. 2015-ல சுரங்கச் சட்டத்தைத் திருத்தி மாவட்டக் கனிம அறக்கட்டளைன்னு கொண்டு வந்தாங்க. பழைய குத்தகைகளுக்கு ராயல்டியில நூத்துக்கு 30 அளவுக்கு ஒரு தொகை தனியாக் கட்டணும். சுரங்கத்தால பாதிச்ச ஊர்களோட குடிநீர், மருத்துவம், படிப்பு, சுற்றுச்சூழலுக்கு அது. கம்பெனிச் சட்டப்படி லாபத்துல 2 சதவீதம் சமூகப் பொறுப்பு நிதியும் உண்டு. ரெண்டாலயும் நல்ல வேலைகள் நடந்திருக்கு. ஆனா ஒண்ணு கலெக்டர் தலைமையில இருக்கிற அமைப்பு முடிவு பண்றது, இன்னொண்ணு கம்பெனி போர்டு முடிவு பண்றது. ஊராட்சி மனு கொடுக்கலாம். மனு கொடுக்கிறதும் பட்ஜெட் போடுறதும் ஒண்ணா?

அந்த "ஜெர்மன் மிஷின்" வந்த நாட்டுலயும் இதே பழுப்பு நிலக்கரி, இதே மாதிரி ஊரைக் காலி பண்ற சண்டை. 2023 ஜனவரியில லுட்செராத்னு ஒரு கிராமத்தைப் போலீஸ் வச்சுக் காலி பண்ணினாங்க. அதனால அங்க எல்லாம் சொர்க்கம்னு நெனைக்க வேண்டாம். ஆனா அங்க தொழில் நடத்துறவங்க மேல தொழில் வரியை எந்த அளவுக்குப் போடறதுன்னு உள்ளாட்சி மன்றமே தீர்மானம் போடும். அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம். பக்கத்துல கேரளாவுல 1996-ல மக்கள் திட்டம்னு தொடங்கி, மாநிலத் திட்டப் பணத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல உள்ளாட்சி கையில கொடுத்து, நீங்களே திட்டம் போடுங்கன்னாங்க.

மாமாவுக்குப் பதில்

மாமா கேட்ட கேள்விக்கு இப்போ என் கிட்ட பதில் இருக்கு. மெம்பர் வேணுமா, விளக்கு வேணுமான்னா, ரெண்டும் வேணும். டவுன்ஷிப்புல விளக்கு எரியறது மெம்பர் இல்லாததால இல்லை. அங்க பணம் இருக்கு, அதனால எரியுது. எங்க ஊர்ல எரியாதது மெம்பர் இருந்ததால இல்லை, மெம்பர் கையில பணம் இல்லாததால. சுரங்கம் என்னைக்காவது ஒரு நாள் தீரும். அன்னைக்கு டவுன்ஷிப்புக்காரங்களும் ரோட்டைப் பத்திக் கேட்க ஒரு ஆளைத் தேடுவாங்க.

இதை மாமா கிட்ட போன்ல சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "நான் ரிட்டயர் ஆன பிறகு கம்பெனியில ஒரு விஷயம் சொல்லணும்னா யார் கிட்டப் போறதுன்னே தெரியல மச்சான்"ன்னார்.

அடுத்த கிராம சபையில நான் ஒரு தீர்மானம் கொடுக்கப் போறேன். ரெண்டே வரி. கனிம அறக்கட்டளைப் பணத்துல எங்க ஒன்றியத்துல எந்தெந்த ஊருக்கு என்ன வேலை நடந்ததுன்னு பட்டியலை ஊராட்சி அலுவலகத்துல எழுதி ஒட்டணும். புதுசா வந்த கனிம நில வரியில ஒரு பங்கைப் பாதிச்ச ஊராட்சிகளோட பொது நிதிக்குச் சட்டத்துலயே எழுதி வைக்கணும்னு அரசைக் கேட்டுக்கணும். இதனால நாளைக்கே விளக்கு எரியாதுன்னு எனக்கும் தெரியும். ஆனா மினிட் புக்ல ஏறின வார்த்தையை அவ்வளவு லேசா அழிக்க முடியாது.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள்ல பல பேருக்கு ஊர்ல இன்னும் வீடு இருக்கு, சில பேருக்கு ஓட்டும் அங்க தான் இருக்கு. பொங்கலுக்கு வர்றீங்க. ஜனவரி 26-ம் அதுக்குப் பக்கத்துலயே வருது. ரெண்டு நாள் சேர்த்து லீவு போட்டுட்டு கிராம சபையில வந்து உட்காருங்க. வரவு செலவை வாசிக்கும்போது "கொஞ்சம் மெதுவா வாசிங்க"ன்னு மட்டும் சொல்லுங்க. போதும்.

பசலி 1378 ரசீதை ஒரு ஜெராக்ஸ் எடுத்து வச்சிருக்கேன். தீர்மானத்தோட சேர்த்துக் கொடுக்கணும். 5 ரூபாய் 40 காசு. எங்க அப்பா கட்டினார். கட்டின பணம் எங்க போச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தது.